சும்மா இருங்கோ எண்டு ஆர் சொன்னது?

போன வருசம் எங்கட கோயில் கொடியேற்றத்தன்று சின்னம்மா சாமியைக் கண்டதும் இரண்டு கையையும் கூப்பினா. கை கூடவில்லை. விரல் நுனிகள் தொட்டன, மணிக்கட்டுகள் தொட்டன. நடுவில் ஒரு தேசிக்காய் வைக்கலாம் போல இடைவெளி. பின்னால் நின்ற ஒரு அன்ரி அதைக் கண்டுவிட்டு, உண்மையாகவே இரக்கப்பட்ட குரலில் சொன்னா: "ஐயோ, இந்த வருத்தத்தோட ஏன் வெளிக்கிட்டனீங்கள்? வீட்டில சும்மா இருந்திருக்கலாமே."

சின்னம்மா ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் சுள்ளென்று ஏறியது. ஆனால் அந்த அன்ரியில் கோபிக்க எனக்கு என்ன உரிமை இருக்கு? அஞ்சு வருசமாக அதே வசனத்தை அதே இரக்கத்தோடு சொல்லிச் சொல்லி அந்தக் கையை அந்த நிலைக்குக் கொண்டுவந்ததில் எனக்கும் பங்கு உண்டு. இந்தக் கட்டுரை அந்த "சும்மா இருங்கோ"வுக்கு எதிராக எழுதப்படுகிறது. அன்ரியைப் பற்றியதல்ல. எங்களைப் பற்றியது.

முதலில் வருத்தம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். பெயர் சிஸ்டமிக் ஸ்கிளெரோசிஸ். ஸ்கிளெரோடேர்மா என்றும் சொல்வார்கள். கிரேக்கத்தில் அதற்கு "கடினமான தோல்" என்று பொருள். கிருமியோடு சண்டை பிடிக்க வேண்டிய நோயெதிர்ப்புத் தொகுதி தன் உடம்போடேயே சண்டைக்கு நிற்கிற நோய்களில் இதுவும் ஒன்று. நுண்ணிய இரத்தக்குழாய்கள் பழுதாகும். காயம் ஆறும்போது தழும்பு வைக்கிற கொலாஜன் என்ற நார்ப்பொருள் காயமே இல்லாத இடத்தில் அளவுக்கு மிஞ்சிச் சேரும். தோல் தடித்து இறுகும். சிலருக்கு நுரையீரல், இதயம், சாப்பாட்டுக்குழாய், சிறுநீரகம் எல்லாவற்றையும் தொடும். ஆண்களை விடப் பல மடங்கு பெண்களுக்குத்தான் வருகிறது, பெரும்பாலும் முப்பதுக்கும் ஐம்பதுக்கும் இடைப்பட்ட வயதில். அதாவது பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற, மாமியார் படுக்கையில் கிடக்கிற, வீடு முழுக்க ஒருத்தியின் தலையில் நிற்கிற வயதில்.

பலருக்கு முதல் அறிகுறி விரல்தான். குளிர் பட்டால் அல்லது மனம் பதறினால் விரல் சுண்ணாம்பு மாதிரி வெளுக்கும், பிறகு நீலிக்கும், பிறகு சிவந்து கொதிக்கும். 1862இல் மொரிஸ் றேனோ என்ற பிரெஞ்சு மருத்துவர் இதை விபரித்து எழுதியதால் அவருடைய பெயரால்தான் இன்றும் அழைக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் என்ன குளிர் என்று கேட்பீர்கள். மார்கழியில் திருவெம்பாவைக்கு விடிய நாலு மணிக்குக் கிணத்தடியில் நின்று பாருங்கள். கொழும்பு ஏசி பஸ்சில் ஆறு மணித்தியாலம் இருந்து பாருங்கள். ஃப்ரிட்ஜுக்குள் கையை விட்டு மீனை எடுத்துப் பாருங்கள்.

ஒன்றை உரக்கச் சொல்ல வேண்டும்: இது தொற்றாது. தொட்டாலும், ஒரே கோப்பையில் தேத்தண்ணி குடித்தாலும் தொற்றாது.

இனி எங்கட வீட்டுக் கதை.

சின்னம்மா முன்பள்ளி ரீச்சர். வீட்டிலிருந்து மூன்று கிலோமீற்றர், தினமும் லேடீஸ் சைக்கிளில் போய்வருவா. முப்பது குஞ்சுகுருமானோடு பாடி, ஆடி, நிலத்தில் இருந்து எழும்பி, திரும்ப இருந்து, ஒரு நாளைக்கு எத்தனை தரம் குனிந்து நிமிர்வா என்று எண்ண ஏலாது. 2019இல் நோய் என்னவென்று கண்டுபிடித்தார்கள். அன்று பின்னேரமே வீட்டில் மாநாடு கூடியது. அம்மா, சித்தப்பா, பெரியமாமா, இரண்டு மாமிமார். சின்னம்மாவும் இருந்தா, கதிரையில். அவவிடம் ஒருவரும் கேட்கவில்லை. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது: றெஸ்ட்.

சைக்கிள் வேண்டாம், விழுந்திடுவாய். முன்பள்ளி வேண்டாம், அந்தச் சம்பளத்துக்கு ஏன் உடம்பை முறிப்பான்? (ஒரு சில பெற்றோர் "அவவின்ர தோல் ஏதோ மாதிரிக் கிடக்கு" என்று குசுகுசுத்ததும் காதில் விழுந்திருந்தது. அதை ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.) கல்யாணவீடு வேண்டாம், ஆக்கள் கேள்வி கேட்பினம். சைக்கிள் எனக்கு வந்தது. நான் அப்போது ஏ.எல் படித்துக்கொண்டிருந்தேன், ரியூசனுக்குப் போகச் சைக்கிள் தேவையாக இருந்தது. சின்னம்மாவின் றெஸ்ட்டில் நான் ரியூசன் போனேன். இதை எழுதாமல் மிச்சத்தை எழுதினால் நான் கள்ளி.

இப்ப அந்தத் தீர்மானத்தைத் திரும்பப் படித்துப் பாருங்கள். என்னென்ன நின்றன? வெளியே போகிறது, உழைக்கிறது, பிள்ளைகளோடு விளையாடுகிறது, காற்று முகத்தில் பட ஓடுகிறது. என்னென்ன நிற்கவில்லை? விடியக் குளிர்தண்ணியில் சட்டிபானை கழுவுகிறது. உடுப்புத் தோய்த்துப் பிழிகிறது. இடியப்ப உரல் திருகுகிறது. தேங்காய் திருவுகிறது. றேனோ உள்ள ஒரு கைக்கு முதலில் விலக்க வேண்டியது பச்சைத்தண்ணி. எங்கட வீட்டில் அதைத் தவிர மிச்சமெல்லாவற்றையும் விலக்கினோம். "றெஸ்ட்" என்று நாங்கள் கொடுத்தது ஓய்வே இல்லை. அவவுக்கு விருப்பமான அசைவுகளை எல்லாம் பறித்துக்கொண்டு எங்களுக்குத் தேவையான அசைவுகளை மட்டும் விட்டுவைத்தோம். இது எங்கட வீட்டில் மட்டும் நடந்தது என்று நினைக்கிறீர்களா? உங்கட வீட்டு வருத்தக்காரியை ஒருக்கா யோசித்துப் பாருங்கள்.

சரி, சும்மா இருந்தால் உடம்புக்கு என்ன நடக்கும்? 1966இல் அமெரிக்காவின் டலஸ் நகரில் ஒரு ஆராய்ச்சி செய்தார்கள். இருபது வயது மதிக்கத்தக்க, ஒரு வருத்தமும் இல்லாத ஐந்து பெடியங்களை மூன்று கிழமை கட்டிலில் படுக்க வைத்தார்கள். எழும்பியபோது, உடம்பு ஒட்சிசனைப் பயன்படுத்தும் உச்ச அளவு கால்வாசிக்கு மேல் விழுந்திருந்தது. முப்பது வருசம் கழித்து அதே ஐந்து பேரையும் திரும்பச் சோதித்தார்கள். முப்பது வருச முதுமை செய்த சேதம், அந்த மூன்று கிழமைப் படுக்கை செய்த சேதத்தை விடக் குறைவாக இருந்தது. இருபது வயது இளந்தாரிக்கு மூன்று கிழமை இப்படிச் செய்யுமென்றால், தோலும் மூட்டும் இறுகிக்கொண்டு வருகிற ஒரு நாற்பத்திரண்டு வயதுப் பெண்ணுக்கு அஞ்சு வருசம் என்ன செய்யும்?

ஸ்கிளெரோடேர்மாவில் கை இறுகுவதற்கு ஒரு ஒழுங்கு இருக்கு. விரலின் அடிமூட்டு மடங்க மறுக்கும், நடுமூட்டு நிமிர மறுக்கும், பெருவிரல் விரிய மறுக்கும். மெல்ல மெல்லக் கை பருந்தின் கால் மாதிரி ஆகும். சோறு பிசைய ஏலாது, சட்டைப் பொத்தான் பூட்ட ஏலாது, கும்பிட ஏலாது. வாயும் அப்படித்தான். உதட்டைச் சுற்றின தோல் இறுகி வாய் சின்னதாகும். பல்லு மினுக்கக் கஷ்டம், பல் வைத்தியர் உள்ளே பார்க்கக் கஷ்டம், கொட்டாவி விடக்கூடக் கஷ்டம். இதில் நோயின் பங்கு பெரியது, மறுக்கவில்லை. ஆனால் அசையாத மூட்டு இன்னும் இறுகும், பாவிக்காத தசை இன்னும் கரையும். அந்தப் பங்கு எங்களுடையது.

இனி எதிர்வாதங்களுக்கு வருவோம். இந்தக் கதையை எடுத்தாலே மூன்று விதமான ஆட்கள் வருவார்கள்.

முதலாவது ஆள் பயந்தவர். "உடம்பை வருத்தினால் வருத்தம் கூடும், நெஞ்சு அடைச்சால் ஆர் பொறுப்பு?" இவருடைய பயத்தில் நியாயம் இருக்கு. இந்த நோயில் உயிரைப் பறிக்கிற இரண்டு பெரிய காரணங்கள் நுரையீரல் தழும்பேறுவதும், நுரையீரலுக்குப் போகிற இரத்தக்குழாய்களில் அழுத்தம் கூடுவதும்தான். அதனால் தொடங்குவதற்கு முதல் சோதனை வேண்டும்: இதயத்துக்கு எக்கோ, மூச்சுப் பரிசோதனை, தேவையென்றால் நெஞ்சு ஸ்கான். இது பேரம் பேசுகிற விசயமில்லை. ஆனால் சோதித்துவிட்டுச் செய் என்பதற்கும் செய்யாதே என்பதற்கும் இடையில் பெரிய தூரம் இருக்கு.

நுரையீரல் அழுத்தம் கூடியவர்களுக்கு உடற்பயிற்சியே ஆகாது என்றுதான் மருத்துவர்களும் நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். 2006இல் ஜேர்மனியின் ஹைடல்பேர்க்கில் அப்படியான 30 நோயாளிகளை வைத்து, மருந்தைச் சரியாகக் கொடுத்து, மேற்பார்வையில் தொடங்கி, 15 கிழமை பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். பயிற்சி செய்தவர்கள் ஆறு நிமிடத்தில் நடக்கிற தூரம் நன்றாகக் கூடியது. பிரேசிலில் ஸ்கிளெரோடேர்மா உள்ள பெண்களுக்கு 12 கிழமை நடையும் எடைப்பயிற்சியும் சேர்த்துக் கொடுத்தார்கள். பலம் கூடியது, நோய் முற்றவில்லை. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் கையால் சுற்றுகிற பெடலில் பயிற்சி கொடுத்து, விரலின் நுண்குழாய்களுக்கு அது நல்லது செய்கிறதா என்று பார்த்தார்கள். முடிவு நம்பிக்கை தருவதாகவே இருந்தது. இவை சின்ன ஆராய்ச்சிகள், பத்துப் பேர், முப்பது பேர். இந்த நோய் அரிதானது, ஆயிரக்கணக்கில் ஆள் சேர்க்க ஏலாது. அதனால்தான் நான் "உடற்பயிற்சி ஸ்கிளெரோடேர்மாவை மாற்றும்" என்று சொல்லவில்லை. மாற்றாது. மருந்தை விட்டுவிட்டு நடக்கச் சொல்கிறவன் கொலைகாரன். ஆனால் 2023இல் ஐரோப்பிய வாதநோய் மருத்துவர்களின் கூட்டமைப்பான யூலார் மருந்தல்லாத சிகிச்சைகளுக்கு வழிகாட்டல் எழுதியபோது, ஸ்கிளெரோடேர்மாக்காரருக்குக் கைப்பயிற்சியையும் வாய்ப்பயிற்சியையும் உடற்பயிற்சியையும் பரிந்துரைத்தது. "சும்மா இருங்கோ" என்று அதில் எழுதப்படவில்லை.

இரண்டாவது ஆள் கெட்டிக்காரர். "விடிஞ்சால் பொழுதுபட்டால் வீட்டில வேலைதானே? அதைவிட என்ன எக்சசைஸ்?" இதைச் சொல்கிறவர் பெரும்பாலும் கதிரையில் இருந்துதான் சொல்வார். கவனித்திருக்கிறீர்களா?

வீட்டுவேலை உடம்பை அசைக்கிறதுதான். ஆனால் அதற்கு அளவு இல்லை, ஓய்வு இல்லை, தெரிவு இல்லை. இந்த நோயின் மிகப்பெரிய தொல்லைகளில் ஒன்று களைப்பு. படுத்து எழும்பினாலும் போகாத, எலும்புக்குள் இறங்கின களைப்பு. பயிற்சி என்றால் உடம்பு தாங்கிற அளவில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, களைத்தால் நிறுத்தலாம். உலையில் அரிசி கொதிக்கும்போது நிறுத்த ஏலுமா? வீட்டுவேலை விரலை மடக்கிப் பிடிக்க வைக்கிறது: அகப்பை, தும்புத்தடி, வாளி. ஸ்கிளெரோடேர்மாக் கைக்கு அதோடு விரிக்கிறதும் நிமிர்த்துகிறதும் வேண்டும். அதை எந்தக் குசினியும் தராது. ஆகவே அவ பயிற்சி செய்ய வேண்டுமென்றால் முதலில் அவவின் வேலையில் ஒரு பங்கை வேறொருவர் எடுக்க வேண்டும். சித்தப்பா சட்டி கழுவ வேண்டும். தம்பி உடுப்புத் தோய்க்க வேண்டும். ஒரு நாளில் இருக்கிற பலம் ஒரு குடம் தண்ணி என்றால், முழுவதையும் குசினியில் ஊற்றிவிட்டு "நடக்கப் போகேல்லையோ?" என்று கேட்பது பகிடி.

மூன்றாவது ஆள் எங்கட வயதுக்காரன். எனக்கு இவரில்தான் அதிகம் எரிச்சல். யூடியூப்பில் மோட்டிவேசன் பார்த்துவிட்டு வந்து "மனம் இருந்தால் மார்க்கம் உண்டு அக்கா, வலிக்க வலிக்கச் செய்தால்தான் பலன்" என்பார். இந்த நோயில் வலியைத் தாண்டிப் போகிறது வீரமில்லை, விசர்வேலை. விரல் நுனியில் புண் இருக்கும்போது அந்தக் கையால் எடை தூக்கினால் புண் ஆறாது, தொற்றிவிடும். புதிதாக மூச்சு வாங்கினால், தலை சுற்றி மயக்கம் வந்தால், நெஞ்சு நொந்தால், கால் வீங்கினால் நிறுத்திவிட்டு வைத்தியரிடம் ஓட வேண்டும்.

இவர் அனுப்புகிற வட்ஸ்அப் கதைகளில் போல் க்ளீயும் வருவார். சுவிற்சர்லாந்தில் பிறந்த அந்தப் பெரிய ஓவியரை 1933இல் நாசிகள் டுசல்டோர்ஃப் கலைக்கழக வேலையிலிருந்து துரத்தினார்கள். பேர்ண் நகருக்குத் திரும்பினார். 1935இல் நோய் வந்தது. அது ஸ்கிளெரோடேர்மாவாகத்தான் இருக்கவேண்டுமென்று அவர் செத்து நெடுங்காலத்துக்குப் பிறகு அறிகுறிகளை வைத்துக் கணித்தார்கள். 1939இல், சாவதற்கு முந்தின வருசம், 1,200க்கு மேல் படைப்புகள் செய்தார். 1940 ஜூன் 29 அன்று இறந்தார். அந்த நாள்தான் இப்போது உலக ஸ்கிளெரோடேர்மா தினம். "பாத்தீங்களா, அவர் செய்தார், உங்களுக்கு என்ன?" என்று முடியும் செய்தி.

1936ஐ மட்டும் விட்டுவிடுவார்கள். அந்த வருசம் க்ளீ செய்தது வெறும் 25 படைப்புகள் அளவில்தான். உடம்பு ஏலாத வருசம் க்ளீக்கும் இருந்தது. பிறகு உடம்பு கொஞ்சம் விட்டுக்கொடுத்தது, அவரும் கையின் நிலைக்கு ஏற்ப வேலையை மாற்றினார், கோடுகள் தடித்தன. அவருக்கு ஒரு அறையும் மேசையும் இருந்தன. பக்கத்தில் லிலி என்ற மனைவி இருந்தா. லிலிக்கு இந்த நோய் வந்து க்ளீ நலமாக இருந்திருந்தால் வீட்டில் யார் சமைத்திருப்பார்கள் என்று ஒரு வட்ஸ்அப் செய்தியும் கேட்பதில்லை.

வீட்டை மட்டும் திட்டினால் அரைக்கதைதான். ஆஸ்பத்திரிக்கும் வருவோம். எந்த ஆஸ்பத்திரி என்று எழுதப்போவதில்லை, ஏனென்றால் பிரச்சினை ஒரு கட்டடத்தில் இல்லை. விடிய ஐந்து மணி பஸ்சில் வெளிக்கிட்டு, நம்பர் எடுத்து, மத்தியானம் மட்டும் வாங்கில் இருந்து, டொக்டரோடு கதைப்பது சில நிமிடம். அந்தச் சில நிமிடத்தில் இரத்தம், சிறுநீர், பிறசர், மருந்து. டொக்டரில் பிழையில்லை, அவருக்கு வெளியே இன்னும் நூறு பேர். 2022க்குப் பிறகு எத்தனை டொக்டர்மாரும் பிசியோதெரபிக்காரரும் நாட்டை விட்டுப் போனார்கள் என்பது எல்லாருக்கும் தெரிந்த கதை. மருந்துத் தட்டுப்பாட்டுக் காலத்தில் துண்டை எழுதி வெளியில் வாங்கச் சொன்னதும் மறக்கவில்லை.

ஆனால் ஒன்று கேட்கிறேன். எங்கட நாட்டில் இந்தத் துறைக்குப் பெயரே "றூமற்றோலஜி அன்ட் றீஹபிலிற்றேசன்". வாதநோயும் புனர்வாழ்வும். (புனர்வாழ்வு என்ற சொல் எங்கட பக்கம் வேறு ஞாபகங்களைக் கிளப்பும். அது இன்னொரு கட்டுரை.) அந்தப் பெயரில் முதல் பாதி சின்னம்மாவுக்குக் கிடைத்தது, இரண்டாம் பாதி ஐந்து வருசம் கிடைக்கவில்லை. மருந்துச் சிட்டையில் எத்தனை மில்லிகிராம், எத்தனை வேளை என்று எழுதுகிற மாதிரி, எந்தப் பயிற்சி, எத்தனை நிமிடம், எப்போது நிறுத்த வேண்டும் என்று ஒருவரும் எழுதித் தரவில்லை.

பிறகு ஒருநாள் ஒரு இளம் பிசியோதெரபி மிஸ்ஸிடம் அனுப்பினார்கள். அவ சின்னம்மாவின் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்துவிட்டு, அடிமட்டம் எடுத்து அளந்தா. வாயைத் திறக்கச் சொல்லி அதையும் அளந்தா. பிறகு கேட்டா: "இவ்வளவு காலமும் கைக்கு என்ன செய்தனீங்கள் அம்மா?" சின்னம்மா சொன்ன பதில்: "ஒண்டும் செய்ய வேண்டாம் எண்டு சொல்லிச்சினம் பிள்ளை." அந்த மிஸ் நிமிர்ந்து என்னைப் பார்த்தா. அந்தப் பார்வைதான் இந்தக் கட்டுரையின் தொடக்கம்.

அவ தந்தது ஒரு தாள். இளஞ்சூட்டுத் தண்ணியில் கையை வைத்து எடுத்து (கொதிதண்ணி கூடாது), ஒவ்வொரு விரலாக நிமிர்த்திப் பத்து எண்ணும் மட்டும் பிடிக்கிறது. மேசையில் உள்ளங்கையைப் பரத்தி அழுத்துகிறது. பெருவிரலை அகட்டுகிறது. வாயை அகலத் திறந்து பிடிக்கிறது, கன்னத்தை ஊதுகிறது, இரண்டு பெருவிரலாலும் கடைவாயை மெல்ல இழுக்கிறது. நடை: கதைக்கக்கூடிய, ஆனால் பாட ஏலாத வேகத்தில். பனி நேரம் வேண்டாம், சாப்பிட்டவுடன் வேண்டாம், ஏனென்றால் நெஞ்செரிவு கிளம்பும். விரல் வெளுத்தால் நின்று சூடாக்கிவிட்டுத் தொடர்கிறது. ஆறு நிமிட நடைச் சோதனையின்போது ஒட்சிசன் அளக்கிற கிளிப்பை விரலில் மாட்டினார்கள், இலக்கம் வரவேயில்லை. றேனோ விரலில் இரத்த ஓட்டம் காணாது, அது பொய் சொல்லும் என்று அவ காதில் மாட்டுகிறதைத் தேடி எடுத்து வந்தா. இவ்வளவுதான். இதில் டொலர் கொடுத்து இறக்குமதி செய்ய வேண்டியது என்ன இருக்கு?

ஒரு தாளும் ஒரு மனிசியும். கிளினிக் நாளில், வாங்கில் காத்திருக்கிற அந்த நாலு மணித்தியாலத்தில், ஒரு அரை மணித்தியாலம் எல்லாரையும் ஒன்றாக இருத்திக் கைப்பயிற்சி சொல்லிக்கொடுக்க ஏலாதா? தமிழிலும் சிங்களத்திலும் படம் போட்ட ஒரு தாள் அடிக்க ஏலாதா? தாளை மட்டும் கொடுத்துவிட்டுக் கையைக் கழுவவும் கூடாது. அடுத்த மாதம் ஒருவர் திரும்ப அளந்து பார்க்காவிட்டால் எந்தத் தாளும் மேசை லாச்சிக்குள்தான் போகும்.

கடைசியாக றோட்டு. நடக்கச் சொன்னார்கள், எங்கே நடப்பது? பின்னேரம் ஐந்தரைக்கு நானும் சின்னம்மாவும் முதல் நாள் வெளிக்கிட்டபோது சந்தியில் நின்ற பெடியள் சிரித்தார்கள். வேலிக்கு மேலால் ஒரு குரல்: "என்ன, நடைப்பயணமோ?" மைதானத்தில் கிரிக்கெட், வலைப்பந்து கூட இல்லை. நாற்பது தாண்டின ஒரு பெண், ஒரு வேலையும் இல்லாமல், தன் உடம்புக்காக மட்டும் றோட்டில் நடப்பது எங்கட ஊரில் இன்னும் விளக்கம் சொல்ல வேண்டிய காரியம். கோயிலுக்கோ கடைக்கோ செத்தவீட்டுக்கோ என்றால் ஒருவரும் கேட்கமாட்டார்கள். முகத்தில் தோல் இறுகினவ என்றால் இரண்டு தரம் திரும்பிப் பார்ப்பார்கள். சில நோயாளிகளின் கால் ஏலாமல் நிற்கவில்லை, அந்தப் பார்வை ஏலாமல்தான் நின்றது.

இதை வாசிக்கிறவர்கள் பெரும்பாலும் இருபதுகளில் இருக்கிறவர்கள். நாங்கள் சமத்துவம் பற்றி எழுதுகிறோம், படம் பார்த்து விமர்சனம் எழுதுகிறோம், உடல் அரசியல் என்று கூட்டம் வைக்கிறோம். எங்கட சொந்த வீட்டு விறாந்தையில் இருத்திவைத்த உடம்பை ஒருநாளாவது பார்த்தோமா? ஸ்கிளெரோடேர்மா அரிது, உங்கட வீட்டில் அது இல்லாமல் இருக்கலாம். வாதம் இருக்கும், சலரோகம் இருக்கும், பாரிசவாதம் இருக்கும், "அவவுக்கு ஏலாது" என்று ஒரு கதிரை இருக்கும். அந்தக் கதிரைக்குப் பக்கத்தில் போய் மூன்று கேள்வி கேளுங்கள். நீங்கள் முந்தி என்ன செய்ய விருப்பம்? அதை ஆர் நிப்பாட்டினது? நான் உங்கட எந்த வேலையை எடுக்கட்டும்? மூன்றாவது கேள்வியைக் கேட்காமல் முதல் இரண்டையும் கேட்காதீர்கள். அது பேட்டி எடுக்கிறதாகத்தான் முடியும்.

சின்னம்மா இப்ப இருபது நிமிடம் நடக்கிறா. தொடக்கத்தில் ஏழு நிமிடத்தில் மதகில் இருந்துவிடுவா. வாய் முந்தியதை விடக் கொஞ்சம் திறக்குது, றோல்ஸ் ஒன்றை வெட்டாமல் கடிக்கலாம். சட்டி இப்ப சித்தப்பா கழுவுகிறார், முணுமுணுத்துக்கொண்டுதான். களைத்த நாளில் நடையில்லை, அதற்காக ஒருவரும் நச்சரிப்பதும் இல்லை. கை பெரிதாக மாறவில்லை. மூட்டு இறுகி வருசங்கள் போனால் பயிற்சி மிச்சத்தைக் காப்பாற்றும், போனதைத் திருப்பித் தராது என்று அந்த மிஸ் முதல் நாளே சொல்லிவிட்டா.

சைக்கிளை நான் திருப்பிக் கொடுத்தேன். டியூப் மாற்றி, எண்ணெய் விட்டு, மினுக்கிக் கொண்டுபோய் முத்தத்தில் நிற்பாட்டினேன். சின்னம்மா சிரித்துக்கொண்டு வந்து ஹாண்டிலைப் பிடித்தா. பிறேக்கை அமத்திப் பார்த்தா. விரல் எட்டவில்லை. இன்னொருக்கா அமத்திப் பார்த்தா. பிறகு சீற்றை ஒருதரம் துடைத்துவிட்டு, "நீயே வச்சிரு பிள்ளை" என்றா.

அது இப்பவும் என்னிடம்தான் நிற்குது.